காலமானவரின் கடன்: முதல் பந்தி யாருக்கு?

சென்ற வாரத் தபாலில் எமரால்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலு பக்கக் கடிதம். நடுப்பக்கத்தில் ஓரிடத்தில் மை கலைந்திருந்தது. மழைத்துளி பட்டதா, கண்ணீர் பட்டதா என்று தெரியவில்லை. நீலகிரியில் இரண்டுக்குமே குறைவில்லை அல்லவா?

எமரால்டை அறியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. உதகமண்டலத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தூரம். குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணையும், அதன் பின்னால் கண்ணாடியைப் போல் கிடக்கும் ஏரியும், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும், காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் பாத்திகளும்தான் ஊர். பெரிய எஸ்டேட்டுகள் ஒரு பக்கம் இருக்க, அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக் கொண்டு, பறித்த பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்கு எடை போட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறவர்கள் அந்த மலையில் ஏராளம். கடிதம் எழுதிய சகோதரியின் கணவரும் அப்படிப்பட்ட ஒருவர்தான்.

ஐப்பசி மழையில் நனைந்து காய்ச்சலாகப் படுத்தவர், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து காலமாகி விட்டார். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். மனிதர் ஒழுங்கானவர், உயில் எழுதி வைத்திருக்கிறார். அதை நிறைவேற்றும் பொறுப்பை மனைவியிடமே ஒப்படைத்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு ஒரு லட்சம், ஊர்க் கோயில் திருப்பணிக்கு இருபத்தையாயிரம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் உயிலைப் பிரித்த பிறகுதான் கடன்களும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்திருக்கின்றன.

சகோதரி கணக்கை அழகாக எழுதியிருக்கிறார்:

தோட்டத்தை விற்றால் ரூ.9,00,000 கிடைக்கும். அதன் பேரில் கூட்டுறவு வங்கியில் அடமானக் கடன் ரூ.5,00,000. தொழிற்சாலையிலிருந்து வர வேண்டிய இலைப் பணம் ரூ.40,000. பழைய ஜீப்பை ரூ.60,000க்குக் கேட்கிறார்கள். இவ்வளவுதான் ஆஸ்தி.

கொடுக்க வேண்டியது: ஆஸ்பத்திரி பாக்கி ரூ.1,20,000. ஈமக்கிரியைக்குச் சகோதரியின் அண்ணா கைப்பணம் போட்டுச் செலவழித்தது ரூ.30,000. உரக்கடை பாக்கி ரூ.1,00,000. ஃபைனான்ஸ்காரரிடம் புரோநோட்டு எழுதி வாங்கியது ரூ.3,00,000. கொழுந்தனாரிடம் கைமாற்று ரூ.2,00,000. இலை பறிக்க வந்த இரண்டு பெண்களுக்குக் கடைசி இரண்டு மாதக் கூலி ரூ.40,000.

“ஃபைனான்ஸ்காரர் தினமும் காலையில் வந்து வாசலில் நிற்கிறார். ‘அவர் வாயை அடைத்து விட்டு மற்றவர்களைப் பார்த்துக் கொள்ளலாம்’ என்று மாமியார் சொல்லுகிறார். ‘சொந்தத் தம்பிக்கு முதலில் கொடு, அன்னியருக்கு என்ன அவசரம்?’ என்கிறார்கள் பந்துக்கள். என் தாலிக்கொடியையும் விற்றுக் கொடுத்துவிட வேண்டுமா? நான் யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும்? பறிக்க வந்த பெண்கள் மட்டும் இதுவரை வாய் திறந்து கேட்கவில்லை.”

இதுதான் கடிதத்தின் சாரம்.

சகோதரி! பந்திக்கு முந்த வேண்டும் என்று சொல்வதெல்லாம் கல்யாண வீட்டுக்கு. சாவு வீட்டில் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு அது பொருந்தாது. இங்கே யார் முதல் பந்தி, யார் இரண்டாம் பந்தி என்று சட்டமே இலை போட்டு வைத்திருக்கிறது. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 320ஆம் பிரிவிலிருந்து 325ஆம் பிரிவு வரை பார்த்தால் இந்த வரிசை தெரியும்.

முதலில், பந்திக்கு வெளியே தன் இலையோடு தனியாக உட்கார்ந்திருப்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் அடமானம் வாங்கியவர். கூட்டுறவு வங்கி தோட்டத்தின் பேரில் கடன் கொடுத்திருக்கிறது. தோட்டம் விற்ற பணத்தில் அதன் ஐந்து லட்சத்தை முதலில் எடுத்துக் கொள்ளும். நகை அடகு பிடித்தவருக்கும் இதே நியாயம்தான். ஒருவேளை தோட்டம் நாலு லட்சத்துக்குத்தான் விலை போயிருந்தால், மீதி ஒரு லட்சத்துக்கு வங்கியும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் வந்து நிற்க வேண்டியதுதான். தங்கள் விஷயத்தில் வங்கிக்குப் போக நாலு லட்சம் மிஞ்சுகிறது. இலைப் பணம், ஜீப் பணம் சேர்த்தால் கையில் ஐந்து லட்சம்.

இனிப் பந்தி.

முதல் பந்தி: ஈமச் செலவும், மரணப் படுக்கைச் செலவும். வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்க வேண்டியது, மரணத்துக்கு முந்தின ஒரு மாதத்துத் தங்கல் சாப்பாட்டுச் செலவு எல்லாம் இதில் அடக்கம். எல்லாக் கடன்களுக்கும் முன்னால் இவற்றைக் கொடுத்து விட வேண்டும். ஆனால் ஈமச் செலவு என்றால் காலமானவரின் நிலைமைக்குத் தக்க நியாயமான செலவு. பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, பதினாறாம் நாள் விருந்து வைத்து அதையும் இந்தக் கணக்கில் எழுதினால் கடன்காரர்கள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். தங்கள் அண்ணா செலவழித்த முப்பதாயிரம் அடக்கமான செலவுதான். அவர் அதைத் தானமாகச் செய்யாமல் கடனாகச் செய்திருந்தால், அது அவருக்குத் திரும்ப வேண்டிய பணம். ஆஸ்பத்திரியோடு சேர்த்து ரூ.1,50,000.

இரண்டாம் பந்தி: உயிலுக்குப் புரொபேட் வாங்கும் செலவும், சொத்தை நிர்வகிக்கத் தேவைப்படும் கோர்ட்டுச் செலவும். நீலகிரியில் எழுதி, நீலகிரிச் சொத்தை மட்டும் பற்றிய ஓர் இந்துவின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் இல்லை. ஆனால் இத்தனை கடன்காரர்கள் சூழ்ந்திருக்கும்போது ஜில்லாக் கோர்ட்டில் அதை வாங்கிக் கொள்வது தங்களுக்குப் பாதுகாப்பு. பேச்சுக்குப் பத்தாயிரம் என்று வைத்துக் கொள்வோம்.

மூன்றாம் பந்தி யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வாசலில் நிற்கிறாரே, அவருக்கா? இல்லை. சொந்தத் தம்பிக்கா? அதுவும் இல்லை. வாய் திறந்து கேட்காத அந்த இரண்டு பெண்களுக்கு! இறந்தவருக்கு அவருடைய கடைசி மூன்று மாதங்களில் உழைத்த கூலியாள், கைவினைத் தொழிலாளி, வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் கூலி பாக்கியை மற்றக் கடன்களுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பது 322ஆம் பிரிவு. அவர்கள் கேட்பது இரண்டு மாதக் கூலி. ஆகவே முழுத் தொகையும், நாற்பதாயிரமும், இந்தப் பந்தியில் அடங்கி விடுகிறது. நாலாவது மாதத்துக் கூலியும் நின்றிருந்தால் அது மட்டும் சாதாரணக் கடனாகிக் கடைசி வரிசைக்குப் போயிருக்கும்.

இந்த மூன்று பந்திக்கும் போனது ரூ.2,00,000. மிச்சம் ரூ.3,00,000.

கடைசிப் பந்தி: மற்ற எல்லாரும். உரக்கடை ஒரு லட்சம், ஃபைனான்ஸ்காரர் மூன்று லட்சம், கொழுந்தனார் இரண்டு லட்சம். மொத்தம் ஆறு லட்சம். கையில் இருப்பதோ மூன்று லட்சம். இங்கே 323ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் தகராற்றைத் தீர்த்து விடுகிறது. இவர்களில் ஒருவரை விட ஒருவர் உசத்தியில்லை; இருக்கிற பணத்தை அவரவர் கடனுக்குத் தக்க விகிதத்தில் எல்லாருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்கிறது. அதாவது ரூபாய்க்கு ஐம்பது காசு. உரக்கடைக்கு ரூ.50,000. ஃபைனான்ஸ்காரருக்கு ரூ.1,50,000. கொழுந்தனாருக்கு ரூ.1,00,000. புரோநோட்டு எழுதி வாங்கியவர், வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தவர் என்ற பேதம் இந்தப் பந்தியில் இல்லை. கைமாற்றுக் கொடுத்தவர் கடன் உண்மை என்று ருசுப்படுத்தினால் போதும். சர்க்காருக்கு வரி பாக்கி ஏதாவது இருந்தால் அது மட்டும் தனிச் சங்கதி. அதை வக்கீலிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது மிஞ்சினால்தான் உயிலில் எழுதிய தானங்கள். தங்கள் விஷயத்தில் எதுவும் மிஞ்சவில்லை. மகளின் கல்யாணத்துக்கு ஒரு லட்சம் என்று எழுதிய கை அன்பான கைதான். ஆனால் அந்தக் கையில் கொடுக்கப் பணம் இல்லை. கோயில் திருப்பணிக்கும் அப்படியே. கடனை வைத்துக் கொண்டு தர்மம் செய்ய இறந்தவருக்கும் உரிமை இல்லை என்பது 325ஆம் பிரிவின் தாத்பர்யம். மனம் கேட்காமல் மகளுக்கு முதலில் கொடுத்து விட்டால், கடன் தீராதவர் அவளிடமே வந்து திருப்பிக் கேட்கலாம். அந்தச் சங்கடம் எதற்கு? உயில்படி கொடுக்க வேண்டியதைக் கொடுக்கக் கணவர் காலமான நாளிலிருந்து ஒரு வருஷம் வரை தங்களுக்கு அவகாசம் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

நிற்க. “வாயை அடைத்து விடலாம்” என்று மாமியார் சொன்ன யோசனைக்கு வருவோம். பெரியவர் வீட்டு மானத்தை நினைத்துச் சொல்லுகிறார். தப்பாக எண்ண வேண்டாம். ஆனால் ஃபைனான்ஸ்காரருக்கு மூன்று லட்சத்தையும் கொடுத்து விட்டால் உரக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றுக் கொண்டவர் சொத்தைத் தகாத வழியில் செலவழித்து நஷ்டம் உண்டாக்கினால், அந்த நஷ்டத்தைத் தம் கைப்பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்கிறது 368ஆம் பிரிவு. கணவருடைய கடன் அப்போது தங்கள் கடனாக மாறிவிடும். இதுதான் இந்த விஷயத்தில் உள்ள பெரிய அபாயம்.

கடனில் செத்தவர் சொத்தைப் பங்கிடும் வம்பு ஏழை வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல. சென்னைச் சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்து நிற்கும் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1795ல் காலமானபோது, அவருக்குக் கடன் கொடுத்ததாகச் சொன்னவர்களின் கூட்டம் பெரியது. கணக்குப் பார்க்கக் கமிஷன் வைத்தார்கள். வந்த கோரிக்கைகள் மூன்று கோடிப் பவுண்டுக்கு மேல். ஆண்டுக் கணக்கில் விசாரித்து, உண்மைக் கடன் என்று ஒப்புக் கொண்டது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அவர் வம்சத்தில் வந்த கடைசிக் கர்நாடக நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் 1855ல் ஆண் வாரிசின்றிக் காலமானார். அவருடைய சொத்தை நிர்வகித்துக் கடன்களைத் தீர்ப்பதற்கென்றே 1858ல் 30ஆம் எண் சட்டம் என்று தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது; அரசாங்கமே எடுத்துக் கொண்டது. பிற்பாடு அங்கே குமாஸ்தாக்கள் உட்கார்ந்து ஃபைல் எழுதினார்கள்.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. யார் வந்து “எனக்கு இவ்வளவு” என்று சொன்னாலும் உடனே தலையாட்டக் கூடாது. ஆதாரம் கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல.

இனி, தங்களுக்குச் சொந்தமானது எது என்று பார்ப்போம். ஏனெனில் கணவர் சொத்தையும் மனைவி சொத்தையும் ஒரே குவியலாகப் போட்டு எண்ணுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

தாலிக்கொடியை விற்க வேண்டாம். தங்கள் நகைகள், பிறந்த வீட்டில் போட்டதும் புகுந்த வீட்டில் கொடுத்ததும், தங்களுடைய சொத்து. கணவரின் கடனுக்கு அவை பொறுப்பல்ல. கோர்ட்டு ஜப்திக்கு வந்தால்கூட உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு ஸ்திரீ கழற்றக் கூடாத ஆபரணம் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்லுகிறது.

இன்ஷூரன்ஸ் ஏதாவது உண்டா என்று பெட்டியைத் தேடிப் பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மனைவி மக்களின் நன்மைக்கென்று 1874ஆம் வருஷத்து விவாகமான பெண்கள் சொத்துச் சட்டப்படி எடுத்த பாலிஸி என்றால், அந்தப் பணம் கணவரின் ஆஸ்தியில் சேராது. கடன்காரர் கை அதற்கு எட்டாது. இந்த விஷயத்தில் நம் ராஜதானிப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள். இந்துக் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை மற்ற மாகாணங்களில் 1923 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த பாலிஸிக்குத்தான். சென்னை ராஜதானியிலோ 1913 டிசம்பர் முடிந்த பிறகு எடுத்தவற்றுக்கே உண்டு! சாதாரணப் பாலிஸியானாலும், மனைவியை நாமினியாகக் குறித்திருந்தால் அந்தப் பணத்துக்கு அவளே உரியவள் என்று 2015ஆம் வருஷத்துத் திருத்தம் சொல்லுகிறது. எஸ்டேட்டிலோ கம்பெனியிலோ வேலை பார்த்தவர்களின் பிராவிடண்டு ஃபண்டும் நாமினியைச் சேர்ந்தால், இறந்தவரின் கடன் அதைப் பிடிக்காது.

மகளுக்கும் பயமில்லை. தகப்பனார் விட்டுப் போன சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் வாரிசுகளின் பொறுப்பு. அவள் நாளைக்குச் சம்பாதிக்கப் போகும் சம்பளத்துக்கும் அப்பாவின் புரோநோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளைகள் தகப்பன் கடனைத் தீர்ப்பது புண்ணியக் கடமை என்ற பழைய இந்து தர்மத்தைக் காட்டி வழக்குப் போடுவதையும், 2005 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை, சட்டம் நிறுத்தி விட்டது.

ஆனால் ஒரு கேள்வியைத் தாங்களே தங்களைக் கேட்டுக் கொள்ள வேண்டும். அந்தப் புரோநோட்டில் தாங்களும் கையெழுத்துப் போட்டீர்களா? “சும்மா ஒரு சாட்சிக்குத்தான் அம்மா” என்று சொல்லி ஜாமீன்தாராகக் கையெழுத்து வாங்கி விடுவது உண்டு. அப்படியானால் அது தங்கள் சொந்தக் கடனும்கூட. இதுவரை சொன்ன பாதுகாப்பு அந்தக் கடனுக்குக் கிடையாது. நோட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதுவரை கையெழுத்துப் போடவில்லை என்றால், இனிமேல் எந்தப் புது நோட்டிலும், “பழைய கணக்கைப் புதுப்பிக்கிறோம்” என்று யார் சொன்னாலும், போடாதீர்கள்.

இப்போது காரியத்துக்கு வருவோம். தாங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ஒன்று: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் கடன் என்று எழுதுங்கள். கடிதத்தில் பாதி வேலை முடித்து விட்டீர்கள். புரொபேட் வாங்கினால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அதற்கும் இதுவே உதவும்.

இரண்டு: கடன்காரர்கள் இன்ன தேதிக்குள் தங்கள் கோரிக்கையை ஆதாரத்தோடு தெரிவிக்க வேண்டும் என்று வக்கீல் மூலம் முறைப்படி அறிவிப்புக் கொடுங்கள். அதன் பிறகு தெரிந்த கடன்களுக்கு வரிசைப்படி பங்கிட்டு விட்டால், தாமதமாக முளைக்கும் கடனுக்குத் தாங்கள் பொறுப்பாக மாட்டீர்கள்.

மூன்று: தோட்டத்தை விற்க மனம் இல்லாவிட்டால் எல்லாக் கடன்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். இலைப் பணத்திலிருந்து தவணையாக வாங்கிக் கொள்ள எல்லாரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் தோட்டம் தங்கும். ஒருவரோடு மட்டும் ரகசியமாக ஒப்பந்தம் செய்யக் கூடாது.

நாலு: வாசலில் நிற்கிறவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று வாங்குவதையும், வசூலுக்காகக் குடும்பத்தாரைத் துன்புறுத்துவதையும் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. மரியாதையாக, “எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறேன், உங்களுக்கு உரியது வரும்” என்று சொல்லி அனுப்புங்கள்.

ஐந்து: வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி செய்யக் கடமைப்பட்டது. உதகைக்குப் பஸ் ஏறி, நோட்டுப் புத்தகத்தையும் உயிலையும் எடுத்துக் கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தைத் திரும்பப் படித்தபோது எங்கள் மனத்தில் தைத்தது அந்த இரண்டு பெண்களைப் பற்றிய வரிதான். எசமானர் வீட்டில் சாவு நடந்திருக்கிறது, இந்தச் சமயத்தில் எப்படிக் கேட்பது என்று அவர்கள் கூடையை மாட்டிக் கொண்டு வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். தாங்களும் அவர்களை மறக்காமல் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். இலைப் பணம் நாற்பதாயிரம் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே! ஈமச் செலவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வேண்டியதை வேறு பணத்தில் ஒதுக்கி வைத்த பிறகு, அந்தப் பணம் வந்ததும் அவர்களைக் கூப்பிட்டு, ரசீது வாங்கிக் கொண்டு, கொடுத்து விடுங்கள். அவர்கள் பறித்த இலையின் பணம்தானே அது?

(அடுத்த வாரம்: நாமினி வேறு, வாரிசு வேறா?)